வத்தகப்பழத் தட்டும் பென்சில் பிடிக்காத விரல்களும்

கொஞ்ச நாளைக்கு முன் நாலரை வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தார். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு தொடர்மாடியில் நாலாம் மாடி. கதிரையில் உட்காரும் முன்னரே பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், இவர் பென்சில் பிடிக்கிறாரே இல்லை. நர்சரியில மற்றப் பிள்ளையள் 'ஈ' வரைக்கும் எழுதுதுகள். ஜனவரியில முதலாம் வகுப்பு. நான் என்ன செய்யிறது?"

கொப்பியில் பக்கம் பக்கமாகப் புள்ளிக்கோட்டு 'அ'. சில இடங்களில் பென்சில் அழுத்திய அழுத்தத்தில் தாளே கிழிந்திருந்தது. நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு, மகனிடம் ஒரு சிவப்புத் தாளைக் கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். அவர் தாளின் இரண்டு ஓரத்தையும் முழுக் கையாலும் பொத்திப் பிடித்து, கயிறு இழுப்பதுபோல இரண்டு பக்கமும் இழுத்தார். தாள் கிழியவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு தாயிடம் நீட்டி, "அம்மா, நீங்கள் கிழியுங்கோ" என்றார்.

தாளைக் கிழிக்க முடியாத கைக்குத்தான் நாம் 'அ' எழுதக் கொடுத்திருக்கிறோம்.

அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பிள்ளைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளராகக் கொழும்பில் வேலை செய்யும் எனக்கு இந்தக் காட்சி புதிதில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கிருந்து வந்தாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிள்ளை கெட்டிக்காரர், வாய் நிறையக் கதைப்பார், போனில் வேண்டிய வீடியோவைத் தானே தேடி எடுப்பார். விரல்களில் மட்டும் பலமில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண் அளைய முற்றமில்லை, ஏற மரமில்லை. கொழுக்கட்டை பிடிக்கும்போது அம்மம்மா ஒரு உருண்டை மாவைப் பிய்த்துக் கையில் கொடுத்த காலமும் குறைந்து வருகிறது. முன்பு வீட்டுவேலையும் விளையாட்டும் தாமாகவே செய்து கொடுத்த பயிற்சியை இப்போது நாம் தேடித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு நான் அதிகம் பாவிக்கிற சாமான் பேப்பர் தட்டு. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டுகள் இலங்கையில் தடை செய்யப்பட்டதால், பிறந்தநாள் வீட்டுக்கு வாங்கிய பேப்பர் தட்டுகளில் நாலைந்து மிச்சமாக எல்லா வீட்டிலும் கிடக்கும். இல்லையென்றால் புறக்கோட்டையில் பக்கெட்டாக வாங்கலாம். பளபளப்பான பூச்சுள்ளதை வாங்காதீர்கள், அதில் நிறம் பிடிக்காது. மினுக்கமில்லாத வெறும் வெள்ளைத் தட்டுப் போதும்.

முதல் பழமாக நான் எப்போதும் எடுப்பது வத்தகப்பழம். வட்டத் தட்டை இரண்டாக மடித்தால் பழத்துண்டு அப்படியே வந்துவிடும்.

கைவேலையைத் தொடங்கும் முன் பழத்தை வாங்கி, வெட்டி, பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடுங்கள். வெளியே பச்சை, அதற்குள் ஒரு மெல்லிய வெள்ளை, பிறகு சிவப்பு, அதில் கறுப்பு விதை. இதைப் பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். பலர் அந்த வெள்ளையைக் கவனிப்பதே இல்லை. ஒருதடவை கண்டுகொண்ட பிள்ளை, தட்டில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே இடம் விட்டுத்தான் நிறம் தீட்டுவார். அப்படி ஓரிடத்தில் கையை நிறுத்துவது சின்ன வேலை இல்லை.

மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் பொருந்தாவிட்டால் பரவாயில்லை. மடிப்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுக்கச் சொல்லுங்கள். தட்டு தடிப்பாக இருந்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியால், சப்பாத்திக்கு அழுத்துவதுபோல அழுத்தட்டும். பிறகு தட்டை விரித்து வைத்து விளிம்புக்குப் பச்சை தீட்டலாம். பேப்பர் தட்டின் அருமை இந்த நெளிநெளியான விளிம்பில்தான் இருக்கிறது. கிரெயோன் அந்த நெளிவில் தட்டுப்படுவதை விரல் உணரும். "கோட்டுக்கு வெளியே போகாதே" என்று நாம் பக்கத்தில் இருந்து சொல்லத் தேவையில்லை, தட்டே சொல்லிவிடும்.

கிரெயோனைப் பற்றி ஒன்று. புது கிரெயோனை இரண்டாக, மூன்றாக உடைத்துக் கொடுங்கள். தாய்மார் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், காசு கொடுத்து வாங்கியதல்லவா. ஆனால் நீளமான கிரெயோனைச் சின்னப் பிள்ளை கைமுட்டிக்குள் பொத்திப் பிடிக்கும். ஒரு அங்குலத் துண்டை அப்படிப் பிடிக்க முடியாது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாகவே சேரும். "பென்சிலை இப்படிப் பிடி" என்று நூறு தரம் சொல்வதைவிட இது பலன் தரும். தட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, நின்றுகொண்டே தீட்ட விட்டால் இன்னும் நல்லது. எதிரே நிமிர்ந்து நிற்கும் தட்டில் தீட்டும்போது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து நிற்கும். எழுதுவதற்கும் மணிக்கட்டு அப்படித்தான் நிற்க வேண்டும்.

அடுத்ததுதான் கிழித்தல். வெசாக் கூடு கட்டும் சிவப்பு ரிஷூ பேப்பர் ஒரு தாள் இருந்தால் போதும். இரண்டு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் தாளின் ஓரத்தை அருகருகே கிள்ளிப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு கை முன்னாலும் மற்றக் கை பின்னாலும் போக வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்வது மூளைக்குப் பெரிய பாடம். சட்டைப் பொத்தான் போடுவது, தண்ணிப்போத்தல் மூடியைத் திறப்பது, ஒரு கையால் கொப்பியைப் பிடித்து மறுகையால் எழுதுவது எல்லாம் இதே பாடம்தான். அந்த மகனுக்கு முதல் நாள் நான் தாளின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து கிழித்தார். "சர்" என்று சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குத் தாள் முழுதும் துண்டு துண்டானது. தட்டில் ஒட்டியது மூன்றே மூன்று துண்டு. எனக்கு அது போதும்.

கிழித்த துண்டுகளைச் சின்ன உருண்டையாக உருட்டி ஒட்டலாம். பசைக்கு பைண்டர் கம் சரி, வீட்டில் காய்ச்சிய கோதுமை மாப் பசையும் சரி. சில பிள்ளைகளுக்குப் பசை விரலில் பட்டாலே கூச்சம், அழுவார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியைக் கொடுங்கள், பக்கத்தில் ஈரத்துணி வையுங்கள். கை துடைக்க வழியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

விதைக்கு உண்மையான விதையை ஒட்ட வேண்டாம் என்று சொல்வேன். மிளகு, பயறு, கடலை, பாசிமணி எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள தம்பி, தங்கச்சி அதே வீட்டில் இருப்பார்கள், கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். மூக்குக்குள் போன பயறு ஈரத்தில் ஊதிவிடும், எடுப்பது கஷ்டம். எதுவும் தொண்டையில் சிக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும்.

விதைக்குச் சுட்டுவிரலின் நுனியே போதும். கறுப்பு நிறத்தில் தொட்டு ஒவ்வொன்றாகக் குத்துவது. மற்ற நாலு விரலும் மடங்கியிருக்க ஒரு விரல் மட்டும் தனித்து வேலை செய்வதும் பழக வேண்டிய ஒன்று.

கத்தரிக்கோலைக் கடைசியில் கொடுங்கள். மூன்று வயதில் ஒரு 'கடி' வெட்டு வெட்டுவார்கள், நாலு வயதளவில் நேர்கோட்டில் போவார்கள், வட்டம் ஐந்தை நெருங்கும்போதுதான் வரும். ஆளுக்காள் ஆறு மாதம் முன்பின் இருக்கும். மெல்லிய தாள் தொய்ந்துவிடும், பேப்பர் தட்டு விறைப்பாக நிற்கும். ஆகவே முதல் வெட்டுக்குத் தட்டுத்தான் இலகு. பெருவிரல் மேலே பார்க்கட்டும். கதிரையில் கால் தொங்கினால் காலுக்குக் கீழே ஒரு சின்ன வாங்கு வையுங்கள். கால் ஊன்றாத பிள்ளைக்குக் கையும் ஊன்றாது. இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோல் வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலில் அவருக்கு வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். சாப்பிடுவதற்கு வலது கையைப் பழக்குவது வீட்டு வழக்கம், அதில் நான் தலையிட மாட்டேன். எழுதும் கையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு: மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி வந்து, கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே பெரும்பாலும் எட்டு வயது தாண்டிவிடும். பார்த்து வரைவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மூன்று வயதளவில் வட்டம், நாலளவில் கூட்டல் குறி, ஐந்தை நெருங்கும்போது சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம். இப்போது 'இ' என்ற எழுத்தை ஒருதரம் மெதுவாக எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை திருப்பம்! சதுரமே வராத கையிடம் அதைக் கேட்கிறோம். நமது பெரியவர்கள் ஏடு தொடக்கியது பச்சரிசியில். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினார்கள், பென்சிலைக் கொடுக்கவில்லை. அந்த விரல் அரிசியை உணர்ந்தது. அடுத்த நாளே கொப்பியைத் தூக்கிக் கொடுத்தது நாம்தான்.

முன்பள்ளி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கண்காட்சிச் சுவரில் இருபத்தைந்து தட்டும் ஒரே அச்சாகத் தொங்கினால், அதைச் செய்தது ஆசிரியரின் கைகள். அதன் காரணம் எனக்குத் தெரியும். ஒரு ஆசிரியை என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார்: "வடிவாக இல்லாவிட்டால் பெற்றோர் கேட்கினம் மிஸ், நீங்கள் பிள்ளைகளுக்கு ஒண்டும் படிப்பிக்கிறேல்லையோ எண்டு." ஆகவே பெற்றோரிடம் சொல்கிறேன். விளிம்பு கோணலாக, விதை ஒரே மூலையில் குவிந்து, சிவப்பு பாதியில் நின்ற தட்டு வீட்டுக்கு வந்தால், அதுதான் உங்கள் பிள்ளையின் கை. அதைச் சுவரில் மாட்டுங்கள். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு திருத்தி ஒட்டாதீர்கள். காலையில் பார்க்கும் பிள்ளைக்குத் தெரியும், இது தன்னுடையதில்லை என்று.

எல்லாவற்றையும் தட்டு தீர்க்காது. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை விட்டுவிடும் குழந்தை, செய்யத் தெரிந்ததை மறந்துகொண்டே வரும் பிள்ளை, நாலு வயதிலும் இரண்டு கையைச் சேர்த்து எதுவும் செய்யாத பிள்ளை, இவர்களைக் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார மருத்துவ மாதுவிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

அந்த மகன் ஐந்து கிழமை வந்தார், கிழமைக்கு ஒரு தட்டு. தாயிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவர் செய்யும்போது உங்கள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கிழமை அந்தக் கைகள் மடியில் நிற்கவே இல்லை. மூன்றாம் கிழமை, துண்டு ஒட்டாமல் விழுந்தபோது தாய் எட்டினார், பிறகு கையை இழுத்துக்கொண்டார். மகன் கீழே குனிந்து எடுத்து, இன்னும் கொஞ்சம் பசை வைத்து ஒட்டினார். ஐந்தாம் கிழமை பப்பாசித் தட்டைத் தனியே முடித்தார், விதை எல்லாம் சுட்டுவிரலால் குத்தியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிஸ், ரம்புட்டானுக்கு மயிர் எப்பிடி ஒட்டுறது?" என்று கேட்டார்.

ஒட்டத் தேவையில்லை. தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் ஆழத்துக்குக் கிட்டக் கிட்ட வெட்டி வளைத்துவிட்டால் அதுதான் மயிர். முப்பது நாற்பது சின்ன வெட்டு வரும். அடுத்த கிழமை கத்தரிக்கோலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.