மருந்து தெளித்த மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறதா? பூச்சியின் மூளை ஹார்மோன்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூச்சி மேலாண்மை ஆலோசனைக்கு என்னை அழைப்பவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "மருந்து தெளித்தும் புழு சாகவில்லை." எந்த மருந்து என்று விசாரித்தால், பல சமயம் அது டெபுஃபெனோசைடு போல ஹார்மோன் வழியில் வேலை செய்யும் மருந்தாக இருக்கும். புழு செத்ததா என்று பார்ப்பவர்கள், அது இன்னும் இலையைத் தின்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டாம் முறையும் தெளித்துவிடுகிறார்கள். பணமும் வீண், வயலின் நன்மை செய்யும் உயிர்களுக்கும் தொல்லை.

பூச்சியின் உடலில் கட்டளை எங்கே பிறக்கிறது என்பது தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. போலந்து உயிரியலாளர் ஸ்டீஃபன் கோப்பெச் 1917இல் வெளியிட்ட ஆய்வை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். அந்துப்பூச்சிப் புழுவின் உடலை அவர் நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பகுதி கூட்டுப்புழுவாக மாறியது. பின்பகுதி புழுவாகவே நின்றது. நரம்புத் தண்டை வெட்டினாலும் மாற்றம் தடைபடவில்லை. ஆனால் மூளையை உரிய காலத்துக்கு முன்பே அகற்றினால் தடைபட்டது. அப்படியானால் மூளையின் செய்தி நரம்பு வழியாக அல்ல, குருதி வழியாகப் பயணப்படுகிறது.

அந்தச் செய்தியைச் சுமப்பவைதான் நியூரோபெப்டைடுகள். நரம்பு செல்களில் உருவாகும் அமினோ அமிலச் சங்கிலிகள் இவை. கரப்பான்பூச்சியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1975இல் அமைப்பு கண்டறியப்பட்ட புராக்டோலின் என்ற நியூரோபெப்டைடில் ஐந்தே அமினோ அமிலங்கள். மூளைக்குப் பின்னால் உள்ள கார்ப்பஸ் கார்டியாகம் போன்ற உறுப்புகளில் பல நியூரோபெப்டைடுகள் சேமிக்கப்பட்டு, வேளை வரும்போது குருதியில் கலக்கின்றன. பூச்சிகளுக்கு நம்மைப் போல நுண்குழாய்கள் கிடையாது; உறுப்புகள் குருதியில் நேரடியாக நனைந்திருக்கின்றன. அதனால் செய்தி எல்லா உறுப்பையும் தொடும். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் மூலக்கூறான ஏற்பி உள்ள உறுப்பு மட்டுமே அதற்குப் பணியும்.

புழு தோலுரிக்க வேண்டிய நேரத்தில் மூளையிலிருந்து வரும் பெப்டைடு ஹார்மோன், மார்புப் பகுதிச் சுரப்பியைத் தூண்டி எக்டைசோனைச் சுரக்க வைக்கிறது. எக்டைசோன் பெப்டைடு அல்ல, ஸ்டீராய்டு. டெபுஃபெனோசைடு மூளையின் அனுமதிக்குக் காத்திராமல், இந்த எக்டைசோன் சேரவேண்டிய ஏற்பியிலேயே போய் அமர்கிறது. புழு தின்பதை நிறுத்திவிட்டு, அகாலத்தில் தோலுரிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் சில நாட்களில் இறக்கிறது. ஆகவே மறுநாள் நீங்கள் தேட வேண்டியது பிணங்களை அல்ல. இலையில் புதிய கடித்தடமும் புதிய எச்சமும் இருக்கின்றனவா என்பதைத்தான். அந்துப்பூச்சி இனப் புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும் இந்த மருந்தை வண்டுகளுக்குத் தெளித்துப் பயனில்லை.

தோலை உரித்தால் மட்டும் போதாது, புதிய தோல் இறுக வேண்டும். அதற்கும் ஒரு நியூரோபெப்டைடு ஹார்மோன் இருக்கிறது: பர்சிகான். கூட்டிலிருந்து வெளிவந்த ஈயின் கழுத்தை உடனே கட்டிவிட்டால் அதன் உடல் வெளிறி, மென்மையாகவே கிடக்கும். தோல் இறுகிக்கொண்டிருக்கும் வேறோர் ஈயின் குருதியைச் செலுத்தினால் அதுவும் கறுத்து இறுகும். 1962இல் வெளியான இந்தச் சோதனைகளை விடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டுப்புழுவின் கதை இன்னும் வியப்பானது. சில இனங்களில் தாய் தானே முட்டையாக இருந்தபோது அனுபவித்த வெப்பமும் வெளிச்சமும், அது பின்னர் இடும் முட்டைகள் வளர்ச்சியை நிறுத்தி உறங்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியும் வெளிச்சமும் கிடைத்திருந்தால் உறங்கும் முட்டைகள். 15 டிகிரியும் இருளும் என்றால் உறங்காதவை. இதை நடத்துவது உணவுக்குழலுக்குக் கீழுள்ள நரம்பு முடிச்சு சுரக்கும், 24 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. வெட்டுக்கிளி நெடுந்தூரம் பறக்கையில் கொழுப்பை எரிபொருளாக வெளிக்கொணர்வதும் இத்தகைய ஹார்மோன்தான்.

பெப்டைடையே ஏன் தெளிக்கக்கூடாது என்று கேட்கலாம். பூச்சியின் மெழுகுத் தோலை அது எளிதில் கடக்காது; குடலுக்குள் போனால் நொதிகள் சிதைத்துவிடும். சிதையாத மாற்று வடிவங்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். அதுவரை "பூச்சியின் மூளையைக் கட்டுப்படுத்தும் மருந்து" என்று யாராவது விற்க வந்தால், செயல்படும் வேதிப்பொருளின் பெயர் என்ன, எந்தப் பூச்சியின் எந்தப் பருவத்தில் தெளிக்க வேண்டும் என்று கேளுங்கள். மருந்தின் மேல் ஒட்டிய சீட்டில் இதற்கான பதில் அச்சாகி இல்லையென்றால் வாங்காதீர்கள்.