இரும்புக் கடைக்குப் போடும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

தை பிறக்கும் முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் மச்சில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் கீழே இறங்குகின்றன. இறங்கிய கையோடு எடைக்கும் போய்விடுகின்றன. பாளையங்கோட்டையில் போர்டு சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமிகா மாதிரியான பழைய மெஷின் உங்களிடம் இருந்தால், உள்ளே ஆக்சிலரேட்டர் கார்டு, அதாவது மெஷினின் வேகத்தைக் கூட்டச் செருகும் தனி போர்டு, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

திருநெல்வேலியில் அமிகாவா என்று கேட்கலாம். எல்லாம் கல்யாண வீடியோ வேலைதான். கொமடோர் நிறுவனத்தின் அமிகா 2000 வெளிவந்தது 1987இல். அதில் ஜென்லாக் கார்டைப் போட்டால் ஓடுகிற வீடியோவின் மேல் மாப்பிள்ளை, பெண் பெயர்களை மிதக்கவிடலாம். இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலம் அது; வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்ததுதான் நான் பார்த்தவற்றில் பாதி. அதன் 68000 ப்ராசசர் வெறும் 7 மெகாஹெர்ட்ஸ். எழுத்தைச் சுழலவிடும் படங்களை வரைந்து முடிக்க ராத்திரி முழுக்க எடுக்கும். அந்த அவதிக்குத்தான் ஆக்சிலரேட்டர். 25 அல்லது 40 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68030 ப்ராசசர், கணக்குக்கென்று தனிச் சில்லு, சொந்த மெமரி, எல்லாம் ஒரே கார்டில். செருகினால் பழைய ப்ராசசர் ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது ஏன் கிடைப்பதில்லை? முதலாவது, வாங்கியவர்களே கொஞ்சம், விலை அப்படி. 1994 ஏப்ரலில் கொமடோர் திவாலானது. அதற்குப் பிறகும் கார்டு செய்துகொண்டிருந்த ஜெர்மனியின் ஃபேஸ் 5 நிறுவனம் 2000இல் நொடித்துப்போனது. ப்ராசசர் செத்தால் வேறு வாங்கிப் போடலாம். ஆனால் கார்டு எப்படி மெஷினோடு பேச வேண்டும் என்பதைச் சின்னச் சின்ன லாஜிக் சில்லுகளில் எழுதி, படிக்க முடியாதபடி பூட்டியும் வைத்திருப்பார்கள். அது போனால் அதே மாதிரி இன்னொரு கார்டு வேண்டும். இல்லையென்றால் யாராவது பொறுமையாக உட்கார்ந்து அந்தக் கணக்கை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி பேட்டரி. அமிகா 2000இன் மதர்போர்டில் உருளையாக ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைத்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ப்ராசசர், அதையொட்டி ஆக்சிலரேட்டர் செருகும் 86 பின் ஸ்லாட். இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ! பேட்டரி கசிந்தால் ஸ்லாட்டின் தங்க நிறப் பின்கள் பாசி பிடித்தது போலப் பச்சையாகிவிடும். கார்டின் ஓரத்தையும் அது விடாது. இந்தப் பேட்டரி நேரம் காட்டுவதற்கு மட்டும்தான். இல்லாமலும் மெஷின் ஓடும். அதனால் யோசிக்காமல் கட்டரால் வெட்டி எடுங்கள். கசிவது காரம் என்பதால் முதலில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, தண்ணீரில் கழுவி, கடைசியில் செல்போன் கடைகளில் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்க்க வேண்டும். "ஓடுதான்னு ஒரு தடவ பாத்துருவோம்" என்று கரண்ட் கொடுப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, தங்கம். டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் கார்டு ஒன்று கிடைத்தது; சாக்கெட் காலி.

"அண்ணாச்சி, இதுல இருந்த சில்லு எங்க?"

"அது தங்கச் சரக்குல்லா தம்பி, அப்பவே பிடுங்கியாச்சு."

செராமிக் ப்ராசசரின் பின்களில் தங்க முலாம் உண்டு. அதனால் கிலோ கணக்கில் அதற்குத் தனி விலை. அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் தொழில். ஆனால் நல்ல நிலையில் உள்ள கார்டு வெளிநாட்டில் சில நூறு யூரோவுக்குப் போகிறது. மூலப்பொருளாக அதில் கிடைப்பது ஒரு டீ, வடைக் காசு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவை இன்னொரு கதை. சேற்றைக் கழுவியது சரிதான். ஆனால் பலர் போர்டைத் தட்டட்டியில் வெயிலில் காயவைத்தார்கள். சில கார்டுகளில் புரோகிராமை எழுதி வைத்திருக்கும், கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சில்லு இருக்கும்; அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது அழகுக்காக அல்ல. ஸ்டிக்கர் உரிந்து நேரடி வெயில் பட்டால் உள்ளே எழுதியிருப்பது நாளடைவில் அழிந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும்.

வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் பழைய கார்டைத் தேடி அலைய வேண்டாம். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை 68000 இருந்த இடத்தில் உட்காரவைக்கும் பைஸ்டார்ம் என்ற போர்டு இருக்கிறது. வேகத்தில் பழசு கிட்டவே வராது. இல்லை, பழசுதான் வேண்டும் என்று ஆன்லைனில் வாங்கினால், 68030க்குப் பின்னால் வந்த, அதைவிட வேகமான 68060 ப்ராசசர் விஷயத்தில் கவனம். கணக்கு யூனிட் இல்லாத மலிவு ரகத்தின் மேல் எழுத்தைச் சுரண்டி, முழு 68060 என்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். கணக்கு யூனிட் வேலை செய்வதை வீடியோவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காசு அதற்குப் பிறகு.