அகர் அகர்: சொல்லும் பொருளும்

அகர் அகர் மலாய்ச் சொல். சில சிவப்புக் கடற்பாசிகளுக்கும் அவற்றைக் காய்ச்சி எடுக்கும் களிக்கும் மலாய் மொழியில் இந்த ஒரே பெயர்தான். 'அகர்பத்தி'யில் வரும் அகர் வேறு. அது 'அகரு' என்ற வடசொல்லின் வழி வந்தது. நம் அகில் கட்டையைக் குறிப்பது.

ஜப்பானியர் இதைக் கான்டென் என்கிறார்கள். 'குளிர்ந்த வானம்' என்று பொருள். குளிர்காலத்தில் களியை வெட்டவெளியில் உறையவிட்டு, பகலில் உருகவிட்டு உலர்த்துவார்கள். நம் மளிகைக் கடையில் இது சைனா கிராஸ். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் 'கடல்பாசி'யும் இதுதான்.

அந்தக் கடைசிப் பெயர்தான் குழப்பம் தருகிறது. கடலில் விளையும் எல்லாப் பாசிக்கும் அதே பெயர். கடல்பாசியில் அயோடின் நிறைய உண்டு, அதிலுள்ள ஃபியூகாய்டன் புற்றுநோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துவிட்டு சைனா கிராஸ் பாக்கெட் வாங்கினால் பயனில்லை. ஃபியூகாய்டன் பழுப்புப் பாசிகளில் இருப்பது. அதைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் செல்கள், விலங்குகள் அளவில்தான் நடந்திருக்கின்றன. அகர், சிவப்புப் பாசியின் செல்சுவரில் உள்ள கூட்டுச்சர்க்கரை. மண்டபம், பாம்பன் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இதில் தெளிவானவர்கள். அகருக்கு மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி. பழுப்புப் பாசியில் இருக்கும் அல்ஜினேட் என்ற களிப்பொருளை எடுக்கக் கட்டைக்கோரை என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, அகரால் உடம்புக்கு என்ன நன்மை? நம் செரிமான நொதிகளால் அதைச் சிதைக்க முடியாது. நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குள் நகர்வதால் மலம் இளகும், வயிறு நிறைந்தது போலவும் இருக்கும். 2005இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில், உடற்பருமனும் சர்க்கரைக் கோளாறும் உள்ளவர்கள் உணவுக் கட்டுப்பாட்டோடு 12 வாரம் கான்டென் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களைவிட இவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது. அதற்காக சர்க்கரையும் மில்க்மெய்டும் ஊற்றிய கடல்பாசியிலும் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. மூட்டு வலிக்கு நல்லது என்பதும் ஜெலட்டினோடு குழப்பிக்கொண்ட பேச்சு. ஜெலட்டின் விலங்குப் புரதம். அகரில் அந்தப் புரதம் கிடையாது.

எளிதில் சிதையாத இந்தக் குணம்தான் அகரை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனது. 1881 வாக்கில் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் மேல் நுண்ணுயிர்களை வளர்த்தபோது, சூட்டில் அது உருகியது. சில நுண்ணுயிர்கள் அதைக் கரைத்தும் விட்டன. அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பயன்படுத்திய அகரைச் சொல்லிக்கொடுத்தார். ஜாவாவில் இருந்துவந்த குடும்ப நண்பர்களிடம் அவர் கற்றது அது.

அகரைத் தமிழில் 'பாசிக்களி' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. எதிலிருந்து வந்தது, என்னவாக இருக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. 'கடற்பாசி' செடிக்கே இருக்கட்டும். 'பாசிக்கூழ்' எனக்கு ஒப்பவில்லை. கூழ் ஊற்றக்கூடியது, இதைக் கத்தியால் வெட்டுகிறோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உலர்ந்த தூளை அப்படியே விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைத்துக்கொள்ளலாம். கொதிநீரில் முழுதாகக் கரைத்த பிறகே சாப்பிட வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.