‘ட்யூன் பண்ணு’ என்பதில் தமிழ் எது?

சர்வரில் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் உடனே வரும் பதில், “ஃபைல் சிஸ்டத்தைக் கொஞ்சம் ட்யூன் பண்ணிப் பாருங்க” என்பதுதான். ஃபைல் சிஸ்டம் என்பது டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை; அதன் அமைப்புகளை வேலைக்கு ஏற்ப மாற்றுவதுதான் ட்யூனிங். இந்த ட்யூனிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடப் போனபோதுதான் கவனித்தேன், தேடும் சொல் அந்த வாக்கியத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘பண்ணு’தான் அது.

முதலில் ஆங்கிலப் பக்கத்தை முடித்துவிடலாம். ட்யூன் என்பது டோன் என்ற சொல்லின் இன்னொரு உருவம். லத்தீன் வழியாகக் கிரேக்க ‘டோனோஸ்’ வரை போகும். டோனோஸ் என்றால் இழுத்துக் கட்டுதல், நரம்பின் விறைப்பு. முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும், அதனால் விறைப்பின் பெயரே ஒலிக்கும் பெயராகிவிட்டது. இசைக்கருவியிலிருந்து வானொலிக்குப் போனது (மார்க்கோனி 1900இல் விண்ணப்பித்த 7777ஆம் எண் பிரிட்டிஷ் காப்புரிமை ட்யூனிங் பற்றியதுதான்), மோட்டார் எஞ்சினுக்குப் போனது, அப்புறம் கணினிக்கு வந்தது.

கோப்பு முறைமையோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கு நல்ல சாட்சி, 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘ட்யூன்எஃப்எஸ்’ கட்டளை. அதன் கையேட்டில் பிழைகள் என்ற பகுதியில் ஒரு வரி உண்டு: கோப்பு முறைமையை ட்யூன் செய்யலாம், மீனை ட்யூன் செய்ய முடியாது. ‘ட்யூன் எ ஃபிஷ்’ என்று வேகமாகச் சொன்னால் ‘ட்யூனா ஃபிஷ்’ என்று கேட்கும், அவ்வளவுதான் ஜோக். யாராவது அதை நீக்கிவிடுவார்கள் என்று பயந்தோ என்னவோ, இதை எடுப்பவரை யூனிக்ஸ் பூதம் ‘டைம்_டி’ (யூனிக்ஸ் நேரத்தை எண்ணி வைக்கும் எண்) நிரம்பி வழியும் நாள்வரை துரத்தும் என்று மூலக் கோப்பில் ஒரு சாபமும் எழுதி வைத்திருந்தார்கள். 32 பிட் கணக்கில் அந்த நாள் 2038 ஜனவரி 19. லினக்ஸின் ‘ட்யூன்2எஃப்எஸ்’ இதே பெயர் வழக்கில் வந்ததுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். இன்று ‘பண்ணு’ என்றால் வெறும் ‘செய்’. ஃபோன் பண்ணு, சேவ் பண்ணு என்று எந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. பழைய தமிழில் அதற்குக் கனம் அதிகம். தேரையோ யானையையோ பண்ணுவது என்றால் அதைப் புறப்பாட்டுக்கு ஆயத்தமாக்குவது. ‘பண்’ணுக்கு அகராதியில் இசை என்ற பொருளோடு குதிரைச் சேணம் என்ற பொருளும் இருக்கிறது. யாழைப் பண்ணுவது என்றால் சுருதி கூட்டுவது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழை எடுக்கும் இடத்தில் எட்டு வகைத் தொழில்கள் வரிசையாக வரும், அவற்றில் முதலாவது ‘பண்ணல்’. அதற்குப் பழைய உரை சொல்லும் விளக்கம், பாட நினைத்த பண்ணுக்கு இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் இயல்பை அறிந்து வீக்குதல். வீக்குதல் என்றால் இறுக்கிக் கட்டுதல். கிரேக்கர்களும் நம் ஆட்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே நரம்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்!

‘பாட நினைத்த பண்ணுக்கு’ என்பதைக் கவனியுங்கள். பொதுவாக நல்ல சுருதி என்று ஒன்று கிடையாது, எதைப் பாடப் போகிறோம் என்று தெரிந்தால்தான் நரம்பைத் தொடலாம். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ரெக்கார்ட்சைஸ், அதாவது ஒரே தொகுதியாக எழுதும் அதிகபட்ச அளவு, இயல்பாக 128 கேபி. பெரிய வீடியோ கோப்புகளுக்கு அதுவே போதும், இன்னும் ஏற்றினாலும் நல்லதுதான். அதே இடத்தில் 16 கேபி பக்கங்களாக எழுதும் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) தரவுத்தளத்தை வைத்தால் சின்ன மாற்றத்துக்கெல்லாம் பெரிய தொகுதியைத் திருப்பி எழுத வேண்டிவரும்.

இணை, பகை என்பதும் வெறும் அலங்காரம் இல்லை. டிஸ்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே எழுத வேண்டிய தரவு எவ்வளவு தேங்கலாம் என்று லினக்ஸில் இரண்டு அளவுகள் உண்டு. இயல்பாக 10 சதவீதத்தில் பின்னணியில் எழுதத் தொடங்கும்; 20 சதவீதத்தைத் தொட்டால் எழுதும் நிரலையே பிடித்து நிறுத்திவைக்கும். இந்த இரண்டும் இணை. 128 ஜிபி நினைவகம் உள்ள சேமிப்பு சர்வரில் 20 சதவீதம் என்பது 25 ஜிபி அளவுக்கு வரும், அது முழுக்க ஒரே நேரத்தில் டிஸ்கை நோக்கிக் கிளம்பினால் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் சதவீதத்தை விட்டு ‘டர்ட்டி_பைட்ஸ்’ என்று நேரடி அளவாகக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுத்ததும் அந்த 20 சதவீத அளவின் பெயரான ‘டர்ட்டி_ரேஷியோ’வைப் படித்துப் பாருங்கள், 0 என்று காட்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை, பகை நரம்பு என்றால் இதுதான்.

கானல்வரிப் பட்டியலில் பண்ணலுக்கு அடுத்து வருவது ‘பரிவட்டணை’, அதாவது வீக்கிய நரம்பைத் தடவிப் பார்ப்பது. நான் ஒருமுறை அதைச் செய்யாமல், ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து அமைப்புகளை மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வேகம் பாதியாகியிருந்தது, எதனால் என்று கண்டுபிடிக்க ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அந்த ஐந்தில் ஒன்று நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிப்பதையே நிறுத்துவது), லினக்ஸ் 2.6.30இலேயே அந்த நேரத்தைத் தேவைப்படும்போது மட்டும் குறிக்கும் ரெல்ஏடைம் இயல்பாகிவிட்டதால் அதில் பெரிய லாபமும் இருந்திருக்காது.

சரி, இன்றைக்கு என்ன சொல்லலாம்? ‘பண்ணல்’ அழகுதான், ஆனால் தேய்ந்துவிட்டது. கோப்பு முறைமையைப் பண்ணினேன் என்றால் புதிதாக உருவாக்கினேன் என்றுதான் புரியும். ‘சரிசெய்தல்’ என்றால் ஏதோ கெட்டுப்போன மாதிரி இருக்கும். ‘நுண்சீரமைப்பு’ தவறில்லை, ஆனால் ஃபைன் ட்யூனிங்குக்கு அதை விட்டுவைக்கலாம். என் ஓட்டு ‘இசைவாக்கம்’ என்பதற்கு. உயிரினம் சூழலுக்கு ஏற்ப மாறுவதற்கும் இதே சொல்லைப் புழங்குகிறார்கள்தான், ஆனால் இடத்தைப் பார்த்தால் குழப்பம் வராது. இசை என்றால் பாட்டு, இசைதல் என்றால் ஒத்துப்போதல். ட்யூனில் இருக்கும் இரண்டு பொருளும் ஒரே வேரில் கிடைக்கிறது. கோப்பு முறைமை இசைவாக்கம், இசைவாக்கினேன், இசைவாக்கத்தக்க அளவுரு என்று சொல் வளைந்தும் கொடுக்கிறது.

மாற்றக்கூடிய ஒவ்வோர் அமைப்பும் ட்யூனபிள், நாப் என்றெல்லாம் பேச்சில் வருவதற்கு எனக்கு ஆசை ‘பிருடை’ மேல், வீணையில் தந்தியை முறுக்கும் ஆணி. ஆனால் “அந்த டர்ட்டி பிருடையைக் கொஞ்சம் தளர்த்துங்க” என்று சொன்னால் பக்கத்து சீட்காரர் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அதனால் இப்போதைக்குத் ‘திருகு’.