காலி மனை அல்ல, புல்வெளி

"பாருங்கள் சார், வெறும் புல்தான். வெட்டுவதற்கு ஒரு மரம்கூட இல்லை." உதகைக்கு வெளியே மனை வாங்குபவர்கள் என்னிடம் இதை நிம்மதியாகச் சொல்வார்கள். மரத்தை வெட்டவில்லை, அதனால் மலைக்குக் கேடும் செய்யவில்லை என்பது அவர்கள் கணக்கு. சோலை எனப்படும் மலைக்காட்டின் மரக்கன்றுகளையும் மலைப்புல்லையும் நாற்றங்காலில் வளர்த்து, சிதைந்த சரிவுகளில் திரும்ப நடுவது என் தொழில். அந்தக் கணக்கு தவறு என்பதை ஒவ்வொரு முறையும் தரையில் மண்டியிட்டுத்தான் காட்டுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டில், அப்படி ஒரு மனையில் புல்லை விலக்கினேன். ஒரு சாண் இடத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு தரை ஆர்க்கிட். பக்கத்திலேயே, இலைகளில் பசைத்துளி மின்ன, ஒரு கொசுவைப் பிடித்து வைத்திருந்த பூச்சியுண்ணிச் செடி. அடியில் மண் கறுப்பாக, நனைந்த பஞ்சைப் போல் இருந்தது. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பிப்ரவரியிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்த மண்தான். மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல்வெளி, தாழ்வில் சதுப்பு. மூன்றும் சேர்ந்ததுதான் நீலகிரியின் உச்சி.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு இங்கே நகரம் முளைத்தது. நகரத்துக்கு விறகு வேண்டியிருந்தது. புல்வெளியைப் பயனற்ற நிலமாகக் கருதி, ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) அதில் நட்டார்கள். இன்று வெளியூர்க்காரர்கள் காடு என்று நினைத்துப் படமெடுப்பது பல இடங்களில் அந்தத் தோப்புகளைத்தான். 'காலி மனை' என்ற பேச்சு அங்கிருந்தே வருகிறது.

இப்போது பொக்லைன் வருகிறது. சரிவை வெட்டினால் கறுப்பு மண் புதைந்து செம்மண் மேலே வந்துவிடும். அதில் மலைப்புல் எளிதில் பிடிக்காது, களை பிடிக்கும். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூமின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு லாரி மண் இடம் மாறினால் அதுவும் கூடவே போகும். தோட்டத்து வேலியில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் செஸ்ட்ரம் இன்னும் மோசம். அதன் வெள்ளைப் பழங்களைத் தின்ற பறவைகள் சோலைக்குள் எச்சமிடுகின்றன. அங்கே அது புதராக மூடிக்கொண்டால் சோலைக் கன்றுகளுக்கு வெளிச்சமே கிடைக்காது. வேலிக்குச் செடி கேட்பவர்களிடம் நான் கெஞ்சாத குறைதான்.

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது கொட்டித் தீர்த்த மழை, உண்மைதான். ஆனால் வேர்ப்பிடிப்பை இழந்து செங்குத்தாக நிற்கும் மண் அதில் பாதி மழையைக்கூடத் தாங்காது.

வீடே கட்டாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சதுப்பை நிரப்பிக் கட்டுவதற்கு மட்டும் நான் துணைபோக மாட்டேன். மற்றவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இயந்திரம் வருவதற்கு முன் எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

அந்த ஆகஸ்ட் மனைக்காரர் கொடுத்தார். புல்லை வேரும் மண்ணுமாகப் பாளம் பாளமாகப் பெயர்த்து, ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைத்தோம். வீட்டு வேலை முடிந்ததும் சரிவில் பதித்தோம். பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. ஆர்க்கிட் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் போய்ப் பார்க்கிறேன்.