புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

புளோரிடாவில் புயல் ஓய்ந்த பிறகு வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கெடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். வெள்ளம் புகுந்த வீடு என்றால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு நாலு சுவரிலும் ஒரே உயரத்தில் ஓடும். கூரை பிய்ந்து மழை இறங்கிய வீடு என்றால் கறை சீலிங்கில் ஆரம்பித்துக் கீழே வழிந்திருக்கும். இரண்டு வீட்டிலும் நாசமானது அதே சோபா, அதே கட்டில்தான். ஆனால் காற்று பிய்த்த கூரை வழியாக மேலிருந்து இறங்கிய தண்ணீருக்குச் சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும், தரையிலிருந்து ஏறி வந்த தண்ணீருக்கு ஒரு சென்ட்கூடத் தராது.

அதற்கு வெள்ள இன்சூரன்ஸ் என்று தனியாக எடுக்க வேண்டும். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். பொருட்களுக்கானதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் கட்டடத்துக்கு மட்டும்தான். முக்கியமான விஷயம், பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அது பொதுவாக அமலுக்கு வரும். டிவியில் புயல் போகக்கூடிய பாதையைக் காட்டும் கூம்புப் படத்தைப் பார்த்துவிட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போடுகிறவர்கள் அந்தப் புயலுக்கு அதை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டு இன்சூரன்ஸிலும் அப்படித்தான், புயல் நெருங்கிவிட்டால் கம்பெனிகள் புதுப் பாலிசி கொடுப்பதையும் இருப்பதைக் கூட்டித் தருவதையும் நிறுத்திவிடும். "நாங்கள் வெள்ள அபாயப் பகுதியில் இல்லையே" என்பார்கள். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது டெக்சாஸின் ஹூஸ்டனில் மூழ்கிய வீடுகளில் ஏகப்பட்டவை அப்படிப்பட்ட பகுதியில் இல்லாதவைதான். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று: வீட்டுக்காரர் எடுத்த பாலிசி உங்கள் டிவிக்கும் துணிமணிக்கும் பொறுப்பில்லை.

பாலிசியின் முதல் பக்கத்தில் ஹரிகேன் டிடக்டிபிள், அதாவது புயல் சேதத்தில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, என்று ஒரு வரி இருக்கும், அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 2% என்று படித்துவிட்டுச் சின்னத் தொகை என்று நினைப்பார்கள். அது சேதத்தில் இரண்டு சதவீதம் இல்லை, வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம். 4,00,000 டாலருக்கு எடுத்திருந்தால் முதல் 8,000 டாலர் உங்கள் கைக்காசு.

சரி, வீட்டுக்கு வருவோம். ஜன்னலைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு கராஜ் கதவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான். இரண்டு கார் நிற்கிற கராஜின் கதவு பொதுவாக 16 அடி அகலம், மெல்லிய தகடு. அது உள்வாங்கிவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், அதே நேரம் மேலே போகிற காற்றும் கூரையை இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் கூரை தங்காது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே இதைத் தெளிவாகக் காட்டியது, அதற்கப்புறம்தான் இங்கே கட்டட விதிகள் இறுகின. கதவின் உள்பக்கம் அது எவ்வளவு காற்றழுத்தம் தாங்கும் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கதவை மாற்றுங்கள், குறைந்தபட்சம் முட்டுக் கொடுக்கும் சட்டங்களாவது வாங்கிப் பொருத்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவது வீண் வேலை, உடையும்போது துண்டு பெரிதாக வந்து விழும், அவ்வளவுதான். ஷட்டர் இல்லாதவர்கள் ப்ளைவுட்டை இப்போதே அளவெடுத்து அறுத்து, துளை போட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள். வெயிலில் ஏணி மேல் நின்றுகொண்டு கடைசி நாளில் அளவெடுப்பவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

அப்புறம் இந்த "எத்தனையாவது கேட்டகரி?" என்ற கேள்வி. புயலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கொடுக்கும் அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதெல்லாம் அதில் இல்லை. கூம்புப் படமும் புயலின் மையம் எங்கே போகலாம் என்பதைத்தான் காட்டுகிறது, பாதிப்பு கூம்புக்கு வெளியேயும் தாராளமாக இருக்கும். 2022-இல் இயன் புயல் டாம்பா நகரத்துப் பக்கம் போகும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்க, அது தெற்கே கரையைக் கடந்து ஃபோர்ட் மயர்ஸ் பீச்சுக்குள் கடலையே கொண்டுவந்து விட்டது. வெளியேறச் சொல்லும் பகுதிக்கும் வெள்ளக் காப்பீட்டு வரைபடத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டிலும் 'ஏ' என்ற எழுத்து வருவதால் குழம்பிவிடுகிறார்கள். உங்கள் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் முகவரியைப் போட்டு வெளியேற்றப் பகுதி எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, சொன்னால் உடனே கிளம்புங்கள். ரொம்பத் தூரம் ஓட வேண்டியதில்லை, தண்ணீர் வராத உயரமான இடத்தில் உறுதியான கட்டடம் இருந்தால் போதும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால் அவர்கள் பாஸ்போர்ட், பயணக் காப்பீட்டுத் தாள், மருந்துச் சீட்டு எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும். அவர்கள் கொண்டுவந்த மாத்திரை இங்கே வேறு பெயரில் இருக்கும், ஆகவே மருந்தின் மூலப்பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். "நாங்கள் பார்க்காத புயலா" என்று நகர மறுப்பார்கள். அந்தப் பேச்சையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது நல்லது.

குடிநீர் ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம். ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், கதவைத் திறந்து வைத்த கராஜிலும் கூடாது. ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே இருக்க வேண்டும். 2020-இல் லாரா புயலின்போது லூசியானாவில் ஜெனரேட்டர் விட்ட கார்பன் மோனாக்சைடில் குடும்பத்தோடு இறந்தவர்கள் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் மாட்டிவிடுங்கள்.

என் வேலைக்கு உதவுகிற ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். போனை எடுத்து ஒவ்வொரு அறையிலும் அலமாரியைத் திறந்து, சாதனங்களின் மாடல் எண் தெரிய வீடியோ எடுத்து கிளவுடில் போட்டு வையுங்கள். புயலுக்கு மறுநாள் கதவைத் தட்டி "கூரையை இலவசமாக மாற்றித் தருகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று வருகிறவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள், சேதத்தைப் படம் எடுங்கள், அப்புறம் ஓட்டையைத் தார்ப்பாயால் மூடுங்கள். தார்ப்பாய் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம், அதையும் கிளெய்மில் சேர்க்கலாம்.