அவருக்கும் வெளிச்சம் கிடைக்கட்டுமே என்று ஹை பீமிலேயே வருபவர்களுக்கு

சென்ற வாரம் இரவுப் பணியில் இருந்தபோது, கீழிமையின் உள்மூலை கிழிந்த நிலையில் ஒருவரை அழைத்து வந்தார்கள். விளக்கில்லாத சாலையில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர், எதிரே வந்த காரின் ஹை பீமில் (தொலைவு தெரிய உயர்த்தி அடிக்கும் முகப்பு விளக்கொளியில்) கண் கூசி, தார்ச்சாலை எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஓரத்தில் இறங்கி, முட்புதரில் முகம் பட விழுந்திருக்கிறார். கார் அவரைத் தொடவே இல்லை. இமை அந்த இடத்தில் கிழியும்போது, கண்ணீர் மூக்கிற்குள் வடியும் நுண்குழாயும் பெரும்பாலும் சேர்ந்தே அறுந்துவிடும். அறுந்த முனைகளை நுண்ணோக்கியின் கீழ் தேடிப் பிடித்து, உள்ளே மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செலுத்தித் தைக்க வேண்டும். (தையல் போடுவது பெரிய வேலையில்லை, அந்த உள்முனையைத் தேடுவதில்தான் பொழுது விடிந்துவிடும்.) இத்தனைக்கும் பிறகு நோயாளியின் குறிப்பேட்டில் ‘சைக்கிளிலிருந்து தானே விழுந்தவர்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இப்படித் ‘தானே விழுந்தவர்கள்’ எத்தனை பேருக்குத் தையல் போட்டிருப்பேன் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

அவரை அழைத்து வந்தவர் அந்தக் காரை ஓட்டி வந்தவரேதான். நிற்காமல் போயிருக்கலாம், நின்று, தூக்கி, மருத்துவமனைவரை கொண்டுவந்து சேர்த்த நல்ல மனிதர். ‘பாவம், இருட்டில் வருகிறாரே, அவருக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டுமே என்றுதான் விளக்கைத் தாழ்த்தி டிம் செய்யவில்லை, டாக்டர்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இதே வாக்கியத்தை நன்கு படித்தவர்களிடமிருந்தும், என்னுடன் பணிபுரிபவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இருட்டில் மாடிப்படி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு உதவ நினைக்கும் ஒருவர் பின்னால் நின்று படிகளின் மீது டார்ச் அடித்தால் அடுத்த படி தெரியும். அதே மனிதர் கீழே நின்றுகொண்டு உங்கள் முகத்தில் டார்ச் அடித்தால் என்ன தெரியும்? டார்ச் தெரியும், படி தெரியாது. முன்பு மங்கலாகவேனும் தெரிந்துகொண்டிருந்த கைப்பிடிகூட மறைந்துவிடும். எதிரே வரும் காரின் ஹை பீம் சைக்கிள்காரருக்குச் செய்வது இதைத்தான். கண்ணுக்குள் நுழையும் கடுமையான ஒளி கருவிழியிலும் விழிலென்ஸிலும் சிதறி, விழித்திரை முழுவதன் மீதும் வெண்மையான மூட்டமாகப் படர்கிறது. சாலையின் விளிம்பு, பள்ளம், படுத்திருக்கும் நாய் ஆகியவற்றிலிருந்து வரும் மெலிந்த ஒளி அந்த மூட்டத்தில் மூழ்கிப்போகிறது. வயது ஏற ஏற இந்தச் சிதறல் கூடும். கண்புரை தொடங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே நீங்கள் அவருக்கு வெளிச்சம் கொடுப்பதில்லை, அவரிடம் இருந்த கொஞ்சநஞ்சப் பார்வையையும் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

‘ஒரு நொடிதானே, கார் கடந்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பது அடுத்த சமாதானம். மறுநாள் நோயாளியைப் பார்க்க வந்த அந்தக் காரோட்டியை என் அறையில் உட்கார வைத்து, நாங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டினேன். கண்ணில் பத்து வினாடி ஒளி பாய்ச்சி, பிறகு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வோம். மீண்டும் படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்ப்போம். நோயில்லாத கண்ணுக்கே பல வினாடிகள் ஆகும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் விழித்திரையில் கோளாறு உண்டா என்று தேடத் தொடங்குவோம். அவருக்கு 26 வினாடிகள் ஆயின. சாலையில் ஒளி இவ்வளவு நேராகவும் நெடுநேரமும் விழுவதில்லை என்பதால் தடுமாற்றம் சில வினாடிகளோடு நிற்கலாம். ஆனால் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மெதுவாகச் செல்லும் சைக்கிள்கூட நான்கு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். இருளுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், ஒரு கார் போய் மறு கார் வரும் சாலையில் அவருடைய கண் தேறவே வாய்ப்பில்லை.

எதிரே கார் வந்தால் நாம் எல்லோரும் டிம் செய்கிறோம். செய்யாவிட்டால் அவரும் ஹை பீம் போட்டு நம் கண்ணைப் பறித்துவிடுவார் என்பதுதான் அதற்குக் காரணமோ என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. சைக்கிள்காரரிடம் திருப்பி அடிக்க விளக்கில்லை.

பின்னாலிருந்து நெருங்கும்போதும் ஹை பீம் வேண்டாம். கண் கூசாதே என்பீர்கள். ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள்: உங்கள் நிழலே உங்கள் முன்சக்கரத்திற்கு முன்னால் கன்னங்கரேலென்று நீண்டு விழும், பள்ளம் அந்த நிழலுக்குள்தான் இருக்கும், கார் நெருங்க நெருங்க நிழல் சட்டென்று ஒருபுறமாகச் சுழன்று விலகும், சாலையே நகர்வதுபோல் தலை கிறுகிறுக்கும்.

எனவே, எதிரே சிறு விளக்கோ ரிஃப்ளெக்டரின் மினுக்கோ தெரிந்த உடனே டிம் செய்யுங்கள். அருகில் வந்த பின் செய்வதில் பயனில்லை. அவர் உங்கள் கதவைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் மீண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். டிம் செய்தால் தொலைவு தெரியவில்லையே என்பவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், விளக்கை உயர்த்தக் கூடாது: மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது, உங்கள் கால் பிரேக்கைத் தேடும் நேரத்திலேயே லோ பீம் காட்டும் தூரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தானியங்கி ஹை பீம் உள்ள காரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அதன் கேமரா பெரும்பாலும் பிற வண்டிகளின் விளக்கைத்தான் தேடுகிறது, மங்கலான சைக்கிள் விளக்கை அது தவறவிடக்கூடும். பின்இருக்கையிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றினால் காரின் மூக்கு உயர்ந்து லோ பீமே ஹை பீமாகிவிடும். அதைத் தாழ்த்தத்தான் பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு அருகே விரலால் திருகும் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது, தயவுசெய்து அதை ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள். ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பைத் திணிக்காதீர்கள், ஒளி கட்டுக்குள் நிற்காமல் நாலாபுறமும் தெறிக்கும். இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டவும் வேண்டாம். அது கூச்சத்தைக் குறைப்பதுபோல் பாவனை செய்து, இருட்டில் வரும் சிறிதளவு ஒளியையும் வடிகட்டிவிடுகிறது.

சைக்கிளில் செல்லும் அன்பர்களிடம் கோபம் காட்ட மனம் வரவில்லை, வேண்டுகோள்தான். பெடல்களில் ரிஃப்ளெக்டர் பொருத்துங்கள், அது மேலும் கீழும் அசைவதைக் கண்டவுடன் மனிதர் வருகிறார் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். உங்களிடம் சக்தி வாய்ந்த விளக்கு இருந்தால் அதையும் சாலையை நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரே நடந்து வருபவருக்கும் கண் இருக்கிறது. கூசும் ஒளி வரும்போது அதைப் பார்க்காமல் பார்வையைச் சாலையோரக் கோட்டில் நிறுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, காலை ஊன்றி நில்லுங்கள். நிற்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டால், கார் போன பிறகு அந்தக் கண்ணுக்குச் சாலை முன்னதாகத் தெரியும்.